பதினொரு வீட்டு மஞ்சள்

1

என் பெயர் தேவா. வயது இருபத்து நான்கு. இப்போது இருப்பது குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற வழியில், துண்டு, டவுசர், எண்ணெய் பாக்கெட், சோப்பு விற்கிற ஒரு கடையின் பின்பக்கம். இதை நான் எழுதவில்லை. போனைப் பார்த்துப் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. அருவியில் தண்ணீர் அதிகமானால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். தடை போட்டால் துண்டு விற்காது. துண்டு விற்காத நேரம்தான் இந்தக் கதைக்குக் கிடைத்திருக்கிறது. எங்காவது சட்டென்று நின்றால், தண்ணீர் குறைந்துவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இதன் பிறப்பை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, ஒரு வேலையாக வந்தது. எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத் தலைவர் வல்லிநாயகம் ஐயா போன மாதம் போன் செய்தார்.

"தம்பி, மண்டபம் கட்டி முடிச்சாச்சு. பெரியவங்க படத்தையெல்லாம் மறுபடி மாட்டணும். ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் அஞ்சாறு வரியில வாழ்க்கைக் குறிப்பு வேணும். இங்க பிள்ளைங்களுக்கு யார் யாருன்னே தெரியல. நீ நல்லாப் பேசுவ, எழுதிக் குடு. எட்டுப் பேரு."

"எட்டா ஐயா? ஒன்பது படம்ல இருந்துச்சு."

"எட்டு," என்றார். பிறகு லைன் போய்விட்டது. அங்கே அது ஒரு வசதி. சங்கடமான கேள்வி வரும்போது போய்விடும்.

ஊரின் பெயரை மூன்று முறை சொல்லி மூன்று முறை அழித்துவிட்டேன். வடகிழக்கில், பர்மா எல்லைக்குப் பக்கத்தில் ஒரு பட்டணம் என்பது போதும். பர்மாவிலிருந்து திரும்பிய எங்கள் தாத்தாக்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஊரில் இரண்டு தரப்பு உண்டு, அவர்களுக்குள் பல வருடச் சண்டை. நாங்கள் இரண்டிலும் இல்லை, நடுவில் கடை வைத்திருப்பவர்கள். அவர்கள் பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் கதையை விட்டுவிட்டு நியாயம் யார் பக்கம் என்று பார்க்கப் போய்விடுவீர்கள்.

இதை முதலில் வாசிக்கப்போவது அம்மாவும் அப்பாவும். அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், தையல் கடையோடு. பேசியே அனுப்பலாம்தான். ஆனால் அங்கே நெட் மெதுவாக வரும், பாதி நாள் நிறுத்திவைப்பார்கள். குரல் பதிவு சுற்றிக்கொண்டே கிடக்கும், எழுத்து போய்ச் சேர்ந்துவிடும். நான் படித்ததோ இந்தியில். தமிழ் வாசிப்பேன், விரலால் அடித்தால் ஒரு வரிக்குக் கால் மணி நேரம். அதனால் போன் எழுதுகிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

மலையன்னை மடி விரித்த எல்லைப்புறத்திலே, தமிழ் மணக்க வாழ்ந்த மாமனிதர்கள் பலர்

(நிறுத்திவிட்டேன். மைக் செட் வைத்த ஜீப்பிலிருந்து யாரோ பேசுவது மாதிரி இருந்தது.)

இரண்டாம் முயற்சி:

சுல்தான் பீவி, மருத்துவச்சி. ஊரின் இரண்டு தரப்பிலும் அவர் கை படாமல் பிறந்தவர்கள் குறைவு. முதல் கலவரத்தின்போது எங்கள் தெருமுனைக்குத் தடியோடு ஒரு கூட்டம் வந்தது. முன்னால் நின்றவனிடம், "கால் முன்னாடி வந்த பய நீதானே? அன்னிக்கே உன்னைத் திருப்ப நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். இப்பவாவது நீயாத் திரும்பு" என்றார். கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்த பிறகு அடிப்பது கஷ்டம். அவர் அண்ணே எக்ஸ்எல் இருக்கா ரெண்டு குடுங்க

(கடைசி வரி மதுரையிலிருந்து குளிக்க வந்தவர். அழித்தேன், பிறகு திரும்பப் போட்டுவிட்டேன். சுல்தான் பீவி இருந்திருந்தால் அவருக்கும் அளவு பார்த்து எடுத்துக் கொடுத்திருப்பார்.)

ஜோயல் வாத்தியார் எளிதாக வந்தார். ஊரடங்கு நாட்களில், பிள்ளைகள் வராத பள்ளிக்கூடத்தில், தினமும் காலை ஒன்பது மணிக்கு மணி அடித்தவர். மணி கேட்டால் தெருவில் ஆபத்தில்லை, தண்ணீர் பிடிக்கப் போகலாம். ஒருநாள் மணி கேட்கவில்லை. தெருவில் ஒருவர்கூட வெளியே வரவில்லை. வாத்தியாருக்குக் காய்ச்சல் என்று மறுநாள்தான் தெரிந்தது.

எனக்குத் தமிழ் எழுத்து காட்டியவர் அவர்தான், ஞாயிற்றுக்கிழமைகளில். "பேசும்போது எப்படியும் பேசு. எழுதும்போது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்" என்பார். அதனால்தான் போனிடம் இப்படிப் பேசுகிறேன், பொத்தான் போட்டுக்கொண்டு. கடை முதலாளி மெஹர் பானு அக்காவுக்கு இது தாங்கவில்லை. அக்காவுக்குக் கடையநல்லூர், கணவர் சவூதியில், தம்மாமில். சீசன் மூன்று மாதமும் கடையை அக்கா ஒருத்தியாகவே நடத்துகிறார்.

"ஏலே, யாருக்குலே உள்ள உக்காந்து நியூஸ் வாசிக்க?"

"எழுதுறேன்க்கா."

"வாயைத் தொறந்து கத்திக்கிட்டு எழுதுதேங்கியே. கையில என்ன, மருதாணியா காயுது?"

"எங்க ஊர்ப் பெரியவங்களைப் பத்திக்கா. எட்டுப் பேரு."

"பொம்பளை எத்தன பேரு?"

"ரெண்டு."

"பரவால்லயே. எங்க தெருவுல எட்டு பேரு படம் மாட்டுனா எட்டும் மீசையாத்தான் இருக்கும். சரி, வாசிச்சது போதும், அந்தக் கொரங்கு சோப்பைத் தூக்குது பாரு."

குரங்கு தூக்கிவிட்டது. சோப்பைக் கடித்துப் பார்த்துவிட்டு எறிந்தது.

3

எட்டுக் குறிப்புகளும் முடிந்த அன்று, மேலகரத்தில் நாங்கள் குடியிருக்கிற வாடகை வீட்டில் அவற்றை வாசித்துக் காட்டினேன். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் மகாதேவன் மாமா, அம்மாவின் அண்ணன். இன்னொருவர் மங்களேஸ்வரி அத்தை, மாமாவின் மனைவி. அத்தை பிறந்தது இதே மேலகரம். கல்யாணமாகி அந்த எல்லை ஊருக்குப் போனவர். ஊர் எரிந்தபோது எங்களுக்குப் போக ஓர் இடம் இருந்தது என்றால் அது அத்தையின் பிறந்த வீட்டால்தான்.

அத்தை கடைசி வரி வரை கேட்டார்.

"எட்டுதான வருது. ஒன்பதாவது எங்கலே?"

"எட்டுதான் கேட்டாங்கத்தே."

"கேட்டா நீயும் எட்டோட நிறுத்திருவியோ? உங்கப்பா போட்டோ அனுப்பியிருந்தாவளே, புதுச் செவுத்துல ஆணி எத்தன?"

ஒன்பது. கொத்தனார் பழைய நினைப்பில் ஒன்பது அடித்துவிட்டார்.

"அப்பம் ஒரு ஆணி சும்மா நிக்கும். வாரவன் போறவன்லாம் இது யாருக்குன்னு கேப்பான்லா. என்ன சொல்லுவாவ? ஊரை எரிச்சவனுக்குன்னு சொல்லுவாவளா?"

மாமா செய்தித்தாளை மடித்தார். "விடு மங்களம். உசுரோட இருக்கிறவன் படத்தை மாட்டுனதே தப்பு. மாலையைப் பாத்து எனக்கே பயமா இருந்துச்சு."

"நீங்க வாயை மூடுங்க. அன்னைக்கு வாயைத் தொறந்ததுக்குத்தான் இன்னைக்கு இங்கன கெடக்கோம்."

மாமா மோட்டார் போட எழுந்து போனார். தண்ணீர்த் தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது.

(இங்கே வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அம்மா, அப்பா, நீங்கள் தாண்டிப் போகலாம். இல்லை, தாண்டாதீர்கள்.)

எங்கள் ஊரில் சித்திரை மாதம் அன்னதானம். நடப்பது அம்மன் கோயிலில், சாப்பாடு எல்லோருக்கும். இரண்டு தரப்பும், நேபாளிகளும், பஞ்சாபிக் கடைக்காரர்களும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டும். அழைத்த வீட்டின் வாசல் நிலையில், வலது பக்கம், குழைத்த மஞ்சளைக் கட்டை விரலால் தொட்டு ஒரு கோடு. இந்த வீட்டுக்குச் சொல்லியாயிற்று என்று அர்த்தம், அடுத்த ஆள் வந்து மறுபடி கதவைத் தட்டாமல் இருக்க. இருபது வருடம் இதை நடத்தியவர் மாமா. அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: வாயால் கூப்பிடாமல் மஞ்சள் வைக்கக் கூடாது.

இருபதாம் வருடம் முடிந்ததும் அவர் படத்தை ஒன்பதாவதாக மாட்டினார்கள்.

அடுத்த வருடம், அதாவது இன்றைக்கு மூன்று வருடத்துக்கு முன், ஊர்க் கடைசியில் ஒரு சந்தில் பதினொரு வீட்டு நிலைகளில் மஞ்சள் கோடு இருந்தது. ஒரு தரப்பைச் சேர்ந்தவர்கள், புதிதாகக் குடிவந்தவர்கள். எங்கள் பழக்கம் அவர்களுக்குத் தெரியாது. அவர்களை யாரும் எதற்கும் கூப்பிட்டிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் வாசலில் கோடு.

இரண்டு நாளில் பக்கத்து ஊரில் சண்டை தொடங்கியது. எரிப்பதற்காக நம் வீடுகளுக்கு அடையாளம் வைத்திருக்கிறார்கள் என்று அந்தச் சந்து நினைத்தது. அந்த இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். பதினொரு வீடும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. அவர்கள் பையன்கள் எங்கள் தெருவுக்கு வந்து, வைத்தது யார் என்று கேட்டார்கள். மாமா வெளியே வந்து "நான்தான்" என்றார். மறுநாள் மண்டபம் எரிந்தது, கூடவே எங்கள் ஆட்களின் நாற்பது வீடுகள். மாமாவின் வீடு அதில் முதலாவது.

மஞ்சள் இல்லாவிட்டாலும் நெருப்பு வந்திருக்கும் என்று அப்பா சொல்வார். இருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. மகாதேவன் கூப்பிடாமல் மஞ்சள் வைத்து ஊரை எரித்துவிட்டான். சென்னைக்குப் போய்விட்ட எங்கள் சொந்தக்காரர்கள் இன்று வரை மாமாவின் போனை எடுப்பதில்லை.

4

அத்தைக்காக ஒன்பதாவது குறிப்பை எழுத உட்கார்ந்தேன். ஐந்தருவியில் தடை, கடையில் ஈரக்காற்று மட்டும்.

மகாதேவன் இருபது ஆண்டுகள் அன்னதானம் நடத்தியவர். பதினொரு வீடுகளில் அழைக்காமல் மஞ்சள் வைத்தவர் அவர் அல்ல. அந்தச் சந்துக்குப் போகும்படி அவர் அனுப்பியது விஜயசங்கர் என்ற இளைஞனை. விஜயசங்கர் நல்ல பையன், ஆனால் கவனமில்லாதவன். அவசரப்பட்டு

இந்த இடத்தில் நின்றேன். விஜயசங்கர் நன்றாக வந்துகொண்டிருந்தான். அவனுக்கு ஒரு சிவப்பு பனியன் போட்டேன். லேசாகத் திக்கும் என்று வைத்தேன், யாரும் அவனை அதிகம் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று. பிறகு அவன் பர்மா பக்கம் போய்விட்டான், தகவல் இல்லை என்று முடித்தேன். கதையில் ஒரு ஆளை அனுப்பிவைப்பதற்கு எல்லை ஊர் ரொம்ப வசதி.

மெஹர் அக்கா பின்னால் நின்று கேட்டிருக்கிறார்.

"அந்த விஜயசங்கருக்கு அம்மை உண்டாலே?"

"என்னக்கா?"

"அம்மை. பெத்தவ. உண்டா?"

"இருப்பாங்க."

"இருப்பாங்கன்னா? உங்க ஊரு எம்புட்டுப் பெருசு? நாப்பது வீடு எரிஞ்சதுன்னு சொல்லுத. அந்த நாப்பது வீட்டு ஆளும் செவுத்துல இதைப் படிச்சுட்டு, எவன்டா அந்த விஜயசங்கருன்னு தேடமாட்டானா? அந்தப் பேருல ஒருத்தன் கெடைக்காமயா போவான்? அவன் அம்மை கதவைப் போயி தட்டமாட்டானா?"

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"செவப்புப் பனியனு வேற போட்டுவிட்டுருக்க," என்றார் அக்கா. "எல்லாப் பயலும் செவப்புப் பனியந்தாம்ல போடுதான்."

ஒரு குடும்பம் உள்ளே வந்தது. அக்கா அவர்களுக்குத் துண்டு விரித்துக் காட்டப் போனார். போனவர் திரும்பி, மெதுவாக, "தேவா, அவன் திக்குவான்னு சொன்னேல்லா. அது நீ சொல்லும்போது உனக்குத்தான் திக்குச்சு," என்றார்.

5

விஜயசங்கர் என்று யாரும் இல்லை. நான் உண்டாக்கினேன். செய்யாத ஒன்றை அவன் தலையில் வைக்கத்தான் உண்டாக்கினேன். அதே காரியத்தை மாமா ஏற்கெனவே தன் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவதாக ஒரு ஆளும் எனக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

பொத்தானை அவிழ்க்காமலே சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சந்துக்குப் போனவன் நான். எனக்கு அப்போது இருபத்தொன்று. மாமா வெண்கலக் கிண்ணத்தில் மஞ்சளைக் கொடுத்து, "டேய், புது ஆளுங்க. நம்ம பழக்கம் தெரியாது. நின்னு நிதானமாச் சொல்லு, ஓடாத" என்றார். அந்தச் சந்தை அழைப்பில் சேர்த்தது அவர் யோசனை. புதிதாக வந்தவர்கள் பக்கத்திலேயே பந்திச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பட்டினியாக இருக்கக் கூடாது என்றார்.

பிற்பகல் நாலு மணி இருக்கும். பதினொரு வீடும் பூட்டியிருந்தது. அன்றைக்கு மைதானத்தில் கால்பந்து இறுதி ஆட்டம், சந்தே அங்கே போய்விட்டிருந்தது. நானும் போக வேண்டும் என்றுதான் காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு வந்து வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கிண்ணத்தோடு திரும்பிப் போனால் மாமா திட்டுவார். வைத்துவிட்டேன். பதினொரு கோடு. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மைதானத்தில் அவர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அந்தச் சந்தின் ஆள் ஒருவர், பெயர் தெரியாது, முன்பல்லில் ஒன்று பாதி இருக்கும், எனக்குக் கடலை நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். அங்கேயே சொல்லியிருக்கலாம். "ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாங்க, உங்க வாசல்ல மஞ்சள் வெச்சிருக்கேன்." ஒரு வாக்கியம். அப்போது கோல் விழுந்தது. இரண்டு பேரும் எழுந்து கத்தினோம்.

மறுநாள் மழை. அதற்கு மறுநாள் மறந்துவிட்டேன்.

(நான் இடது கைக்காரன். அதனால் கோடு நிலையின் இடது பக்கம் விழுந்திருந்தது. மாமா கூப்பிட்ட வீடுகளில் எல்லாம் வலது பக்கம். இது இனி முக்கியம்.)

பையன்கள் எங்கள் தெருவுக்கு வந்தபோது நான் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். "வலது பக்கம் வெச்சா சாப்பாடுன்னு ஊர்ல ரொம்ப நாளா இருக்கற எங்க ஆளுங்க சிலருக்குத் தெரியும். எங்களுக்கு இடது பக்கம் வெச்சிருக்கு. அதுக்கு என்ன அர்த்தம்?" என்று ஒருவன் கேட்டான். மாமா ஒரு முறை திரும்பிப் பார்த்தார். என்னையா, என் பின்னால் நின்ற அத்தையையா, தெரியவில்லை.

"அர்த்தம் ஒண்ணுதான். நான்தான் வெச்சேன். கூப்பிட மறந்துட்டேன்."

ஒருவன் அறைந்தான். மாமாவின் கண்ணாடி தெருவில் விழுந்தது. நான் போய் எடுக்கவில்லை.

(எடுத்தேன் என்று ஒரு வரைவில் எழுதியிருந்தேன். எடுத்தது அத்தை.)

6

இதை எழுதிவிட்டு நான்கு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். காரணம் பயம். அப்பாவின் தையல் கடை இன்னும் அந்த ஊரில் இருக்கிறது. இதைப் படிப்பவர்கள் என்னைத் தேடிக் குற்றாலம் வரமாட்டார்கள். பக்கத்தில் இருப்பவரிடம்தான் போவார்கள்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தையின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம், மேலகரத்தில் பத்திரிகை வைக்க மாமாவையும் என்னையும் அனுப்பினார்கள். கடைசி வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

"அவுக குடும்பத்தோட மெயின் அருவிக்குக் குளிக்கப் போயிருக்காவ அண்ணாச்சி. கதவுக்கு அடியில சொருகிட்டுப் போங்க, நான் சொல்லிக்கிடுதேன்."

"இருக்கட்டும்மா. உக்காருறோம்," என்றார் மாமா.

படியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். சாரல் வந்தது, போனது, மறுபடி வந்தது. பத்திரிகையை மாமா சட்டைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் ஆனது. பக்கத்து வீட்டம்மா இரண்டு காபி கொண்டுவந்து, "அண்ணாச்சி கவர்மெண்டு நோட்டீஸா குடுக்க வந்திருக்கிய? இம்புட்டு உறுதியா இருக்கியளே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

"போலாம் மாமா. நாளைக்கு வந்துக்கலாம்," என்றேன்.

"பூட்டியிருந்தா காத்திருக்கணும். இல்லன்னா திரும்பி வரணும். அவ்வளவுதான்டா விஷயம்."

காபி டம்ளரை எந்தக் கையில் பிடித்திருக்கிறேன் என்று பார்த்தேன். வலது கைக்கு மாற்றினேன்.

"மாத்தாத," என்றார் மாமா, தெருவைப் பார்த்தபடியே. "கொட்டிக்குவ."

டம்ளரைப் படியில் வைத்தேன்.

"அன்னிக்கே தெரியுமா மாமா?"

"இடது பக்கம் வைக்க நம்ம வீட்டுல வேற யாரு இருக்கா?"

"ஏன் சொல்லல?"

"அந்தப் பசங்க கையில தடி இருந்துச்சு. உனக்கு இருபத்தொரு வயசு. என்ன சொல்லச் சொல்ற?"

"அப்புறம்? மூணு வருஷம் மாமா."

"அப்புறம் நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்."

தலை துவட்டிக்கொண்டே அந்த வீட்டுக் குடும்பம் வந்து சேர்ந்தது. ஈரத் துண்டு, எண்ணெய் வாசனை, ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ரம்புட்டான். வீட்டுக்காரர் பதறிவிட்டார். "அடடா, எவ்வளவு நேரமா இருக்கிய? உள்ள தள்ளிட்டுப் போயிருக்கலாம்லா!"

மாமா எழுந்து நின்று, சட்டையைச் சரிசெய்து, பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டினார். "குடும்பத்தோட வரணும். எல்லாரும் வரணும்," என்றார். அவர்கள் வருகிறோம் என்று சொல்லும்வரை கையை எடுக்கவில்லை.

திரும்பும்போது வண்டியில், "எழுதியிருக்கேன் மாமா. உங்களைப் பத்தி. என்னைப் பத்தியும்" என்றேன்.

"வாசிக்கிறியா?"

"அனுப்பிட்டு வாசிக்கிறேன். இல்லன்னா நீங்க அழிக்கச் சொல்லுவீங்க."

"சொல்லுவேன்," என்றார். "உங்கப்பன் அங்க இருக்கான்." கொஞ்ச தூரம் போன பிறகு, "நான் சொன்னா நீ அழிச்சுருவியா?" என்று கேட்டார். நான் வண்டியைத் தெருவுக்குள் திருப்பினேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

அன்று மாலை அப்பாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். லைன் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போகவில்லை. அப்பா மூச்சுவிடுவது கேட்டது.

"கடையைப் பத்தி யோசிக்காத," என்றார். "எல்லாத் தரப்பு ஆளுங்களுக்கும் சட்டைக்கு நான் இன்னும் அளவெடுத்துட்டுத்தான் இருக்கேன். வந்தா நானே சொல்லிக்கிறேன். உங்க மாமா போனை நானே மூணு வருஷமா எடுக்கல, தெரியுமா உனக்கு?"

தெரியாது. மாமா ஒரு நாளும் சொல்லவில்லை.

7

ஒன்பதாவது குறிப்பு, இறுதி வடிவம்:

மகாதேவன். இருபது ஆண்டுகள் அன்னதானம் நடத்தியவர். தெருவில் யாரையும் விட்டுவிடாமல் பந்திக்கு அழைத்தவர். ஒரு சந்தில் புதிதாகக் குடிவந்தவர்களையும் சேர்த்துக்கொண்டவர். அந்தச் சந்தில் பதினொரு வீடுகளில் அழைக்காமல் மஞ்சள் வைத்தது அவர் தங்கை மகன் தேவா. கேட்டவர்களிடம் "நான்தான்" என்று சொன்னது மகாதேவன். இப்போது தென்காசி மேலகரத்தில் வசிக்கிறார். நலமாக இருக்கிறார். போன் செய்தால் எடுப்பார்.

(ஆறு வரி கேட்டார்கள், கொஞ்சம் கூடிவிட்டது. ஐயா மன்னிக்க வேண்டும். கடைசி வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.)

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: ஐயா படித்துவிட்டு அழுகிறார், ஒன்பதாவது ஆணியில் படம் ஏறுகிறது, அத்தை பாயசம் வைக்கிறார். இதைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் பாயசம் வேண்டும்.

இரண்டு: சங்கம் கூடி, இப்போது இதெல்லாம் எதற்கு என்று எட்டுப் படத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஒன்பதாவது ஆணியில் யாரோ காலண்டர் மாட்டுகிறார்கள். இதுதான் நடக்கும் என்று அத்தை நினைக்கிறார். இன்று காலைதான் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை ஒன்றும் திட்டவில்லை. தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "மூணு வருசமா இந்த மனுசனைத்தானலே ஏசினேன்" என்றார். அதற்குப் பிறகு மாமாவுக்கு ஒரு தோசை அதிகமாகப் போட்டார். எனக்குப் போடவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மூன்று: யாரோ அப்பாவின் கடைக்கு

இதை முடிக்க மாட்டேன்.

எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் இன்னும் அனுப்பவில்லை. நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால் அனுப்பிவிட்டேன். அப்படியானால் சுவரும் அந்த ஆணியும் என்னைவிட உங்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே என்ன தொங்க வேண்டும் என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெஹர் அக்கா கூப்பிடுகிறார். "ஏலே, தடை எடுத்துட்டான், கூட்டம் வருது! நியூஸை முடிச்சுட்டு வா!"

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தச் சந்துக்காரர்கள் எங்கே போனார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. மலைக்கு அந்தப் பக்கம் என்கிறார்கள், முகாமில் என்கிறார்கள். பதினொரு வீடு. அவர்களில் ஒருவருக்கு முன்பல்லில் ஒன்று பாதி இருக்கும். யாரையாவது பார்த்தால், எழுதிக் கொடுக்க வேண்டாம், இதைக் காட்டவும் வேண்டாம். வாயால் சொல்லுங்கள். அந்த மஞ்சள், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள் என்பதற்காக வைத்தது. வைத்தவன் பெயர் தேவா. கதவு பூட்டியிருந்தது, திரும்பி வந்து சொல்லாமல் இருந்துவிட்டான்.